கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பால்

எங்கள் பக்கத்தில் கடலைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதிலும் இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட ஊர்தான் கப்பல் சண்டைக்காகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. எங்கோ நடுக்கடலில் இங்கிலாந்துக்காரன் எங்கள் கப்பல்களை மறித்துச் சரக்கைப் பிடுங்குகிறான், மாலுமிகளைத் தன் ஆள் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போகிறான் என்றார்கள். அநியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதிலடி என்று, இங்கிலாந்தோடு வியாபாரமே கூடாது எனத் தலைநகரத்தில் உட்கார்ந்து இவர்கள் போட்ட சட்டம் வந்து விடிந்தது எங்கள் சாம்பல் தொட்டியில்.

அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறோம். நிலம் என்று வாங்கினால் காடுதான் கிடைக்கும். மரத்தை வெட்டி, குவித்து, எரித்தால்தான் சோளம் போட இடம். எரித்த சாம்பலையும் விடமாட்டோம். அடியில் வைக்கோல் பரப்பிய மரத்தொட்டியில் சாம்பலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், கீழே பழுப்பாக ஒரு நீர் சொட்டும். அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்போம். மிதந்தால் பதம். அந்த நீரை இரும்புக் கொப்பரையில் நாள் முழுக்கக் காய்ச்சினால் கடைசியில் கல் மாதிரி சாம்பலுப்பு நிற்கும். கம்பளி வெளுக்க, சோப்பு செய்ய, கண்ணாடி உருக்க இங்கிலாந்தில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. கனடாவில் மான்ட்ரியாலுக்குக் கொண்டு போனால் கையில் காசு. உப்பு, கோடரி, துணி எல்லாம் அந்தக் காசில்தான் வரும். அந்தச் சாம்பலுப்பை அடைக்கிற பீப்பாய்களைச் செய்கிறவன் நான். பெயர் ஓரின். கல்யாணம் ஆகவில்லை, அதனால் அடுத்தவர் வீட்டுக் கதைகள் எனக்கு நன்றாகத் தெரியும்.

கனடா இங்கிலாந்து ராஜாவின் நாடு; அதன் எல்லையை நாங்கள் கோடு என்போம். யாரோ அளவைக்காரர்கள் காட்டுக்குள் போய் மரங்களில் கோடரியால் செதுக்கிவிட்டுப் போன அடையாளம்தான் அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜோத்தம் வீடு. அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவன் மச்சான் ஹீமன் வீடு. ஹீமனின் தங்கை லொவிசாதான் ஜோத்தமின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. அதன் குறுக்கே இரண்டு மரத்தடிகள் போட்ட பாலம். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கொப்பரை, அது ஹீமன் வீட்டில் இருந்தது. தொட்டிகள் ஜோத்தம் வீட்டில். சாம்பல் நீரை வாளிகளில் தோள்கட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். சுங்க அதிகாரி ஒருமுறை வந்து, எது எந்த நாட்டுச் சாம்பல் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குவளை சோளக்கூழ் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

போர் வந்த அந்த வருஷம், 1812-இல், ஏப்ரல் மாதச் சேற்றில், லொவிசாவுக்கு மூன்றாவதாகவும் பெண் பிறந்தது. டாமரிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த பத்தாம் நாள் லொவிசாவுக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சலில் கிடந்து, அவள் பிழைத்ததே பெரிது என்று ஆனது. கட்டி உடைந்தது, பால் நின்றது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து, மாட்டுக்கொம்பில் துணி கட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பிள்ளை எலும்பும் தோலுமாக மெலிந்தது.

ஹீமன் மனைவி எலெக்டாவுக்கு அப்போது ஐந்து மாதப் பையன். நல்ல ஆகிருதியான பெண், வாயும் அதற்கேற்ற அளவு. செய்தி கேட்டதும் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நடந்து வந்தாள். லொவிசா கட்டிலில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்ப ஒப்பாரி? இங்க ரெண்டு ஊருக்குப் பத்துற பால் இருக்கு. குடு இங்க பிள்ளைய."

"உங்க பையனுக்குப் பத்தாம போயிடுமே அண்ணி."

"அவனா? அவன் உங்க அண்ணன் மாதிரி. போதும்னு சொல்லத் தெரியாது. கொஞ்சம் குறைஞ்சா உடம்புக்கு நல்லது."

அன்றிலிருந்து டாமரிஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை கோட்டைத் தாண்டினாள். காலையில் ஜோத்தம் தூக்கிப் போவான். மற்ற வேளைகளில் லொவிசா. இரவில் மேப்பிள் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடும். மே மாதக் கடைசியில் கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் என் மூக்கைப் பிடித்து இழுத்தது. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அதே நேரத்தில் ஆறு மைல் தெற்கே, கேப்டன் ஸ்டெபின்ஸின் கடையில் தினமும் செய்தித்தாள் படித்தார்கள். கேப்டன் என்றால் எங்கள் ஊர்ப்படைக்குக் கேப்டன். வருஷத்துக்கு இரண்டு நாள் எங்களை வரிசையில் நிற்க வைத்து, முடிந்ததும் ரம் வாங்கிக் கொடுப்பார். மேற்கே வாபாஷ் ஆற்றங்கரையில் போன நவம்பரில் செவ்விந்தியர்களோடு பெரிய சண்டை நடந்தது, அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் இங்கிலாந்துக்காரன் கொடுத்தவை என்று அவர் உரக்கப் படிப்பார். அவர்கள் நிலத்தை யார் பிடுங்கினது என்பது செய்தித்தாளில் இராது. எங்கள் பக்கத்துச் செவ்விந்தியர்களான அபெனாக்கிப் பெண்கள் வழக்கம்போல வீடு வீடாகக் கூடை விற்க வந்துகொண்டிருந்தார்கள். போன மாதம்வரை அவர்களை அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள், இப்போது கதவைப் பாதி திறந்து பேசினார்கள். கூடை வாங்கின கையாலேயே துப்பாக்கியைத் துடைத்தார்கள்.

ஜூன் கடைசியில் போர் அறிவித்த செய்தி வந்தது. அது வந்த நான்காம் நாள்தான் அந்தக் கூத்து.

அன்று காலையில் நான் ஜோத்தமின் தொட்டிக்கு வளையம் இறுக்கிக்கொண்டிருந்தேன். கறுப்பு ஈக்கள் காதுக்குள் புகுந்து உயிரை வாங்கின. ஒரு குதிரை வாயில் நுரை தள்ள ஓடி வந்தது. மேலே கேப்டனின் கடைச் சிப்பந்தி.

"ஜோத்தம்! பிள்ளைகளக் கூட்டிட்டுத் தெற்க ஓடு! செவ்விந்தியருங்க வந்துட்டானுங்க! உன் மச்சான் வீடு பத்தி எரியுது, அங்க பாரு!"

பார்த்தோம். வடக்கே மரங்களுக்கு மேல் நாலைந்து இடத்தில் புகை எழும்பியிருந்தது.

ஜோத்தம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அது எல்ம் மரத்துப் புகைடா. பச்ச மரம். வீடு எரிஞ்சா இப்படி வெள்ளையாவா வரும்? மச்சான் காத்து நல்லா இருக்குன்னு குவியலுக்குத் தீ வச்சிருக்கான். என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, பீன்ஸ் தின்னுட்டு."

"நீ பாத்தியா?"

"நீ பொறந்ததுல இருந்து மரத்த எரிக்கிற. உனக்குப் புகை தெரியலையா?"

அவன் காதில் அது ஏறவில்லை. அடுத்த வீட்டுக்குக் குதிரையைத் திருப்பினான். அன்று மாலைக்குள் கேப்டனின் ஊரே காலியாகிவிட்டது. வண்டியில் பஞ்சு மெத்தை, கடிகாரம், பன்றிக்குட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார்கள். சாம்பலிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள், தாங்கள் வருஷா வருஷம் கிளப்புகிற புகையைக் கண்டு ஓடினார்கள். பயம் வந்தால் மூக்கும் வேலை செய்யாது போலிருக்கிறது. கேப்டன் தன் மருமகளையும் அவள் கைக்குழந்தையையும் அனுப்பிவிட்டார். எலெக்டாவை விட்டால் இருபது மைல் சுற்றளவில் பால் கொடுக்கிற பெண் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

உண்மை தெரிந்ததும் கேப்டனுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊரைக் கிளப்பிவிட்டவர், ஏதாவது செய்து காட்ட வேண்டாமா? கோட்டுக்குக் காவல் போட்டார். ஆளும் சரக்கும் எதுவும் தாண்டக்கூடாது என்று உத்தரவு. எங்கள் பாலத்துக்குக் காவல் யார்? வீடு பக்கத்தில் இருப்பதால் ஜோத்தம். அந்தப் பக்கத்திலும் அதே யோசனை யாருக்கோ வந்து, ஹீமனை நிறுத்திவிட்டார்கள். மச்சான்கள் இருவரும் ஓடையின் இரண்டு கரையிலும் துப்பாக்கியோடு நின்றார்கள். வெடிமருந்துக் கொம்பு ஒன்றுதான் இருந்தது. அது எப்போதும் இரண்டு வீட்டுக்கும் பொது. தேவைப்பட்டால் தூக்கிப் போடுவதாக ஏற்பாடு.

"மச்சான், இன்னைக்கு நான் உன்னச் சுடணுமாம்," என்பான் ஹீமன்.

"சாப்பிட்டுட்டுச் சுடு. லொவி அப்பம் கொண்டு வாரா."

எலெக்டா பாலத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள். லொவிசா பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு கால் ஒரு நாட்டிலும் மறு கால் இன்னொரு நாட்டிலும் தொங்க, அவள் டாமரிஸுக்குப் பால் கொடுப்பாள். லொவிசா பக்கத்தில் உட்கார்ந்து எலெக்டாவின் பையனை வைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளை குடித்து முடிக்கிற நேரம் பார்த்து, நான் வேலையை விட்டுவிட்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போவேன். எனக்குக் கிணறு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜூலையில் ஒரு நாள் உச்சி வேளையில் கேப்டன் குதிரையில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். கத்தியை இடுப்பில் கட்டினால் மட்டும் குரல் மாறிவிடும்.

"என்ன நடக்குது இங்க?"

"பால் குடுக்கிறேன். பாத்தா தெரியல? அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசுங்க," என்றாள் எலெக்டா.

கேப்டன் திரும்பிக்கொண்டார். குதிரை திரும்பவில்லை. அதனால் சேணத்தில் குறுக்காக உட்கார்ந்து மரங்களைப் பார்த்துப் பேசினார்.

"ஜோத்தம், உனக்கு என்ன உத்தரவு குடுத்தேன்?"

"ஆளும் சரக்கும் தாண்டக்கூடாதுன்னு சொன்னீங்க கேப்டன். யாரும் தாண்டல. நடுவுலதான் உக்காந்திருக்காங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. அந்த நாட்டுல உண்டான எந்தப் பொருளும் இந்தப் பக்கம் வரக்கூடாது. போருக்கு முன்னாடியே போட்ட சட்டம். நானே என் கடையில இங்கிலாந்துத் துணி விக்கிறதில்ல."

"இது சரக்கா?" என்றாள் லொவிசா. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. "கேப்டன், என் பிள்ள வயித்துக்குப் போறது சரக்கா?"

"நான் சொல்லலம்மா. சட்டம் சொல்லுது. பொருள்னா பொருள்தான்."

"சரி, சட்டப்படியே பேசுவோம்," என்றாள் எலெக்டா. "நான் என்ன தின்னு இந்தப் பால் ஊறுது? நேத்து லொவி குடுத்த பீன்ஸ். முந்தாநாள் ஜோத்தம் உங்க கடையில வாங்கிட்டு வந்த உப்புப் பன்றிக்கறி. அதுல பாதி எலும்பு, அது வேற விஷயம். எல்லாம் உங்க நாட்டுச் சரக்கு. வந்த வழியே திரும்பிப் போகுது. இதுல என் ராஜாவுக்குத்தான் நஷ்டம். அவர் வந்து கேக்கட்டும்."

ஹீமன் அக்கரையில் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். ஜோத்தம் சிரிப்பை அடக்க மேலே பார்த்தான். கேப்டனின் கழுத்து சிவந்தது.

"என் மருமக தெற்க போயி, அங்க பிள்ளைக்குச் சளியாம்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "நான்தான் அனுப்பி வச்சேன்." பிறகு, "நான் இன்னைக்கு இந்தப் பக்கம் வரல," என்று சொல்லிவிட்டுக் குதிரையை எடுத்தார்.

அந்தக் கோடை அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகஸ்டு கடைசியில் எங்கள் ஊர்ப்படையை ஏரிக்கரை முகாமுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. படைக்குப் பீப்பாய் செய்து கொடுக்க ஆள் வேண்டுமென்று என்னை மட்டும் ஊரில் விட்டார்கள். எங்களுக்குப் பதில் கோட்டுக்குக் காவல் நிற்க வெளியூர்ச் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு இளம் அதிகாரி. கடற்கரை ஊர்க்காரன், இருபத்திரண்டு வயசு இருக்கும். பாலத்தைப் பார்த்தான், எலெக்டாவைப் பார்த்தான், இனி அதில் யாரும் கால் வைக்கக்கூடாது, வாரக் கடைசியில் பாலத்தை வெட்டிவிட வேண்டும் என்றான்.

லொவிசா அவன் முன்னால் போய் நின்றாள். பிள்ளையைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். தொப்பியைக்கூடக் கழற்றினான்.

"அம்மா, என் தம்பியை நாலு வருஷத்துக்கு முன்ன கப்பல்ல இருந்து இழுத்துட்டுப் போனாங்க. பதினேழு வயசு. எங்க ஊர்லதான் பொறந்தான்னு காகிதம் கையில இருந்துச்சு. காட்டினான். அதக் கிழிச்சுக் கடல்ல போட்டாங்க. எங்கம்மா இன்னும் துறைமுகத்துக்குப் போய் நிக்கிறா. நான் யாருக்காகவும் இந்தக் கோட்டத் திறக்க மாட்டேன். மன்னிச்சிருங்க."

அவனைத் திட்டத்தான் நான் கூடப் போயிருந்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு லொவிசாவோடு திரும்பி நடந்தேன்.

முகாமுக்குப் புறப்பட ஜோத்தமுக்கு ஐந்து நாள் தவணை இருந்தது. நான்கு நாள் பசும்பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுப்பால் வேண்டுமென்று நான் எட்டு மைல் நடந்து போய் ஒரு கிழட்டு ஆட்டை இழுத்து வந்தேன். அது ஒரு கரண்டி கறந்தது. சோளக் கஞ்சியை வடிகட்டி ஊட்டினார்கள். பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது. நான்காம் நாள் அழுகைச் சத்தம் இறங்கிவிட்டது. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று மாலை மேசையில் நானும் இருந்தேன். மூத்த பெண்கள் இருவரும், ஐந்து வயசும் மூன்று வயசும், ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோத்தம் சாப்பாட்டைத் தொடவில்லை.

"நான் போய் அண்ணி வீட்டுலயே இருந்துடுறேன், மூணு பிள்ளைகளோட," என்றாள் லொவிசா.

"நானும் யோசிச்சேன். எதிரி நாட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொல்லி நம்ம நிலத்த சர்க்கார்ல எழுதிக்குவாங்க. பக்கத்து ஊர்ல ரெண்டு பேரோட நிலத்த எழுதிக்கிட்டாங்க. அது போகட்டும், நிலம் போனா போகட்டும். ஆனா மச்சான் வீட்டுல ஏற்கெனவே ஏழு பேரு. குளிர்காலத்துக்கு அவங்களுக்கே மாவு இல்ல. நம்ம சோளம் இங்க நிக்குது. அறுக்க நானும் இருக்கமாட்டேன்."

"அப்ப அவள மட்டும் குடுக்கணும்ங்கிற."

"நான் சொல்லல, லொவி."

"சொல்லேன். யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். நீ சொன்னா உன்மேல கோவப்பட்டுக்குவேன். நானே சொன்னா யார்மேல கோவப்படுறது?"

ஜோத்தம் எழுந்து அவள் பின்னால் போய் நின்று, அவள் தலையில் கையை வைத்தான். "நான்தான் சொல்றேன். அவளக் குடு. என்மேல கோவப்பட்டுக்கோ," என்றான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் முகத்தில் பொத்திக்கொண்டாள். நான் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தேன். தோட்டத்தைப் பார்ப்பதுபோல வெளியே வந்துவிட்டேன்.

அந்த அதிகாரி ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டான். பிள்ளை போகலாம், போனால் திரும்பி வரக்கூடாது. மறுநாள் காலையில் எலெக்டா பாலத்தின் நடுவில் காத்திருந்தாள். அன்று அவள் வாயில் ஒரு கிண்டல்கூட வரவில்லை. லொவிசா பிள்ளையைக் கொடுத்தாள். ஒரு துணி மூட்டையையும் கொடுத்தாள்.

"இடது பக்கமா படுக்க வச்சாத்தான் தூங்குவா, அண்ணி."

"தெரியும் லொவி."

"வயித்த அமுக்கக்கூடாது. மத்தியானத்துல ஒரு தடவ சும்மாவே அழுவா. அது பசி இல்ல."

"எனக்குத் தெரியாதா? நாலு மாசமா பாக்கிறேன்."

"தெரியும். சொல்லணும்போல இருக்கு."

"அப்ப சொல்லு," என்றாள் எலெக்டா. பசித்த பிள்ளை முகத்தை மார்பில் இடிக்க, அங்கேயே உட்கார்ந்து கொடுக்க ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் சொல்லு. நான் கேக்கிறேன்." லொவிசா சொன்னாள். ஏற்கெனவே சொன்னதையே சொன்னாள். சிப்பாய்கள் கோடரியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை குடித்து முடிக்கிறவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு எலெக்டா எழுந்து அந்தப் பக்கமும் லொவிசா இந்தப் பக்கமும் நடந்தார்கள். வெளியூர்க்காரன் வெட்டினால் மரம் அந்தக் கரையை இடித்துவிடும் என்று ஜோத்தம்தான் கோடரியை வாங்கி வெட்டினான்.

போர் கிறிஸ்துமஸுக்குள் முடியும் என்றார்கள். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் ஹீமன் ஓடைக்கரைக்குப் பிள்ளையைத் தூக்கி வந்து காட்டுவான். பனியில் ஒரு சால்வைப் பொட்டலம் தெரியும். லொவிசா இந்தக் கரையில் நின்று கையாட்டுவாள். அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்துப் படை ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், ஹீமன் வீட்டு மாடுகளை ஓட்டி வந்து, சாம்பல் கொட்டகையைக் கொளுத்தியது. கொப்பரையைச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். அதில் பாதி எங்கள் நாட்டுக் கொப்பரை என்று யாருக்குத் தெரியும்? பனி விழுந்ததும் ஹீமன் குடும்பத்தைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே, எலெக்டாவின் அப்பா ஊருக்கு, மூன்று நாள் பயணம் போய்விட்டான். அதற்குப் பிறகு ஓடைக்கரையில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஜோத்தம் முகாமிலிருந்து காய்ச்சலும் இருமலுமாகத் திரும்பி வந்தான். லொவிசா ஒவ்வொரு மாதமும் ஒரு சட்டை தைத்தாள், பிள்ளை இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு. பெட்டியில் அவை சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கியிருந்தன. நான் ஒரு முறை பார்த்துவிட்டேன். பார்த்திருக்க வேண்டாம்.

மூன்றாவது வருஷம் மார்ச்சில் சமாதானம் வந்தது. கப்பலைப் பற்றியோ மாலுமிகளைப் பற்றியோ சமாதானக் காகிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று கேப்டன் செய்தித்தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. மே மாதம் ஹீமன் திரும்பி வந்து, கரிந்த கொட்டகையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். அன்றைக்கே ஜோத்தமும் நானும் ஓடையில் ஒரு மரத்தடியைப் போட்டோம்.

லொவிசா போனபோது டாமரிஸ் வாசலில் கோழிக்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வயசு முடிந்திருந்தது. ஜோத்தமின் புருவம், ஹீமனின் காது. லொவிசாவைப் பார்த்ததும் எலெக்டாவின் பாவாடைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள்.

"போடி. யாரு வந்திருக்கா பாரு. தினம் சொல்வேனே. அதான் உன்னப் பெத்த அம்மா. போ," என்று எலெக்டா தள்ளினாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"தள்ளாதீங்க அண்ணி," என்றாள் லொவிசா. "நான் நாளைக்கும் வருவேன்."

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். பிள்ளையைத் தொடமாட்டாள், கூப்பிடமாட்டாள். எலெக்டாவோடு உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பாள், கம்பளி சிக்கெடுப்பாள், சோப்புக் கிண்டுவாள். பிள்ளை தூரத்தில் நின்று பார்க்கும். ஒரு வாரம் கழித்து ஒரு பீன்ஸை எடுத்து லொவிசாவின் மடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டது. லொவிசா அந்த ஒரு பீன்ஸைப் பற்றி எனக்கு இரண்டு தடவை சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு "லொவி, லொவி" என்று பெரியவர்கள் கூப்பிடுவதுபோலவே பேர் சொல்லிக் கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். எலெக்டா அந்த நாட்களில் மெலிந்துபோனாள். "பாதி ராத்திரிக்கு எந்திரிச்சு அவ முகத்தப் பாக்கிறேன், ஓரின்," என்றாள் என்னிடம். "என் பிள்ள இல்லன்னு எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியமாட்டேங்குது."

ஜூன் நடுவில் ஒரு சாயங்காலம் டாமரிஸ் தானாகவே, "லொவி வீட்டுல குஞ்சு இருக்கா?" என்று கேட்டது.

"இருக்கு. பதினொண்ணு இருக்கு."

"நான் பாக்கணும்."

எலெக்டா திரும்பிப் போய் அடுப்பில் என்னவோ கிளறினாள். கிளறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிறகு பிள்ளைக்கு முகம் கழுவி, தலை சீவி, குல்லாய் கட்டிவிட்டாள். வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

லொவிசா ஒரு விரலைக் கொடுத்தாள், பிள்ளை பிடித்துக்கொண்டது. நான் பீப்பாய்ப் பலகைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன். ஓடையைத் தாண்டி, ஜோத்தமின் சோளக்காட்டு ஓரம் ஏற்றத்தில் பாதி போயிருப்போம். பிள்ளை நின்று திரும்பிப் பார்த்தது. வாசலில் எலெக்டா இல்லை. உள்ளே போயிருந்தாள்.

"அம்மா வரலையா?" என்று லொவிசாவைக் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். அம்மா என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். லொவிசா பாதையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் குல்லாய் முடிச்சைச் சரிசெய்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வருவா கண்ணு," என்றாள். "அம்மா காலையில வருவா. நீ எங்க வீட்டுல தூங்கி எந்திரி. எந்திரிச்சதும் அம்மா வந்திருப்பா."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "சரி," என்றது.

லொவிசா எழுந்து மறுபடியும் விரலைக் கொடுத்தாள். தூக்கிக்கொள்ளவில்லை. பிள்ளையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறினாள். நான் பலகைகளை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.